கமிஷன் ஒருத்தனுக்கு, கல்தா ஒருத்தனுக்கு

"ஆன்லைன் வியாபாரம்னா நாலு பேர் ஏமாத்தத்தான் செய்வான் சார். அதையும் செலவுக் கணக்குல எழுதிட்டுப் போயிட்டே இருக்கணும்." இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. சொல்றது யாருன்னு பார்த்தீங்கன்னா, அந்தச் செலவு தன் கணக்கில் வராத ஆசாமிகளாகவே இருப்பார்கள். அஃபிலியேட் நெட்வொர்க் நடத்துபவர், பேமென்ட் கேட்வே விற்க வரும் டை கட்டிய தம்பி, வாரக்கடைசியில் ஓட்டல் ஹாலில் வகுப்பு எடுக்கும் டிஜிட்டல் மார்க்கெட்டிங் குருமார்கள். இன்னிக்கு இவங்களைத்தான் கொஞ்சம் துவைத்துக் காயப்போடலாம்னு இருக்கேன். காரம் தூக்கலா இருக்கும், மோர் குடிச்சுட்டு வாங்க.

அஃபிலியேட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷம். மாமல்லபுரத்துக்கு வெள்ளைக்காரரைக் கூட்டிப்போகும் டாக்சி அண்ணன் வழியில் ஒரு கைவினைப் பொருள் கடையில் நிறுத்துவார். அவர் கல் பிள்ளையார் ஒன்று வாங்கினால் கடைக்காரர் அண்ணனுக்கு ஒரு பங்கு கொடுப்பார். அவ்வளவுதான். இணையத்தில் டாக்சிக்குப் பதில் சுட்டி. அதைத் தட்டியதும் உங்க உலாவியில் குக்கீ என்று ஒரு சின்னச் சீட்டு ஒட்டிக்கொள்ளும்: "இவரை அனுப்பியது இன்னார்". அடுத்த சில நாட்களில் நீங்க அந்தக் கடையில் எதையாவது வாங்கினால், சீட்டில் பேர் இருப்பவருக்குக் காசு. ஏற்பாட்டில் தப்பே இல்லை. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சு மிக்ஸி, கேமரான்னு அலசி எழுதறவருக்கு அதிலிருந்து நாலு காசு வரட்டுமே.

இப்போ டாக்சியே ஓட்டாத ஒருத்தன் பசை டப்பாவோட கடைவீதி முனையில் நிக்கிறான்னு வெச்சுக்குங்க. போற வர்ற ஒவ்வொருத்தர் முதுகிலும் தன் பேர் எழுதின சீட்டை ஒட்டி விடறான். யாருக்கும் தெரியாது. அதில் பத்துப் பேர் தற்செயலா அந்தக் கடைக்குள் போனாங்கன்னா கல்லாவில் இவனுக்குக் கமிஷன். டாக்சி ஓட்டி நிஜமாவே ஆளைக் கொண்டுவந்த அண்ணனோட சீட்டு இந்தச் சீட்டுக்கு அடியில் மறைஞ்சு போச்சு. அவருக்குப் பட்டை நாமம். இதுக்குப் பேர் குக்கீ திணிப்பு.

கற்பனைக் கதை இல்லை மக்களே. ஈபே நிறுவனத்தின் அஃபிலியேட் திட்டத்தில் முதலிடத்தில் இருந்தவர் ஷான் ஹோகன், இரண்டாமிடத்தில் பிரையன் டன்னிங். ஆயிரக்கணக்கானோர் இருந்த திட்டத்தில் முதல் இரண்டு ராங்க்! இருவரும் செய்தது இதைத்தான் என்று 2008ல் ஈபே வழக்கு போட்டது, 2010ல் அமெரிக்க அரசு குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. மற்றவர்கள் பக்கத்தில் சேர்த்துக்கொள்ள டன்னிங் தரப்பு இலவச நிரல்துண்டுகள் கொடுத்தது. அதைப் போட்டிருக்கும் பக்கத்தை நீங்க திறந்தால் போதும், கண்ணுக்குத் தெரியாமல் ஈபே சீட்டு உங்க கணினியில் உட்கார்ந்துவிடும். ஈபே போன்ற கடையில் ஏதோ ஒரு நாள் யாரோ ஒருத்தர் எதையோ வாங்கத்தானே போறாங்க? தூண்டிலே போடாமல் மீன்.

குற்றப்பத்திரிகையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச வரி ஒன்று உண்டு. ஈபே அலுவலகம் இருக்கும் சான் ஹோசே, நெட்வொர்க் நடத்திய கமிஷன் ஜங்ஷன் இருக்கும் சாண்டா பார்பரா, இந்த ரெண்டு ஊர்க் கணினிகளில் மட்டும் சீட்டு ஒட்டாதபடி நிரல் எழுதப்பட்டிருந்தது என்று அரசு சொன்னது. போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் தெருவில் மட்டும் ஹெல்மெட் போடற நம்மாளுங்க ஞாபகம் வரலை?

2014ல் ஹோகனுக்கு 5 மாதமும் டன்னிங்குக்கு 15 மாதமும் சிறை. டன்னிங் வேறென்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? 'ஸ்கெப்டாய்ட்' என்ற பேரில், எதையும் நம்பாதீங்க, ஆதாரம் கேளுங்க என்று ஊருக்குப் பகுத்தறிவு சொல்லும் ஒலிபரப்பு. என்ன கொடுமை சார் இது!

சரி, இவங்க ரெண்டு பேரையும் திட்டிட்டு நான் கிளம்பிடலாம். ஆனா என் சண்டை இவங்களோட இல்லை. திருடன் திருடத்தான் செய்வான். என் கேள்வி நடுவில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி. நெட்வொர்க்குக்கு வருமானம் எப்படி வருது? அஃபிலியேட்டுக்குப் போகும் கமிஷன் தொகையைப் பொறுத்து, வியாபாரியிடமிருந்து தனியாக ஒரு சதவீதம். அதாவது திருடன் நூறு ரூபாய் எடுத்தா இவருக்கும் அதில் ஒரு பங்கு கணக்காகிறது. கடைக்காரர் பக்கத்திலும் அஃபிலியேட் மேனேஜர்னு ஒருத்தர் இருப்பார். அவரோட சம்பள உயர்வு "இந்த வருஷம் அஃபிலியேட் வழி விற்பனை இத்தனை மடங்கு" என்ற ஒரே வரைபடத்தில் தொங்குது. அந்த வரைபடத்தை ஏத்தி விடறது யாரு? முதுகில் சீட்டு ஒட்டற புண்ணியவான்! அவனைப் பிடிச்சா வரைபடம் கீழே விழும். யார் பிடிப்பா சொல்லுங்க?

"எங்களுக்கு எப்படித் தெரியும், நாங்க வெறும் இணைப்புப் பாலம்" என்று ஒரு பஜனை இருக்கே, அதுக்கு அமெரிக்க நீதிமன்றம் 2016லேயே ஆப்பு வைத்துவிட்டது. லீட்கிளிக் மீடியா என்ற நெட்வொர்க். அதன் அஃபிலியேட்டுகள், உடம்பு இளைக்கும் அசாய் பழ மாத்திரைக்குப் பொய்யான செய்தித்தளங்களைக் கட்டினார்கள். நிருபர் தானே சாப்பிட்டு இளைத்தார், வாசகர்கள் கீழே வந்து ஆஹா ஓஹோ என்றார்கள். நிருபரும் பொய், வாசகரும் பொய். நெட்வொர்க்கோ அந்தத் தளங்கள் பொய் என்று தெரிந்தும் ஆள் சேர்த்தது, விளம்பர இடம்கூட வாங்கிக் கொடுத்தது. நீயும் கூட்டுத்தான் என்று சொல்லி 1 கோடியே 19 லட்சம் டாலரைத் திருப்பிக் கட்டச் சொன்ன தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. 'பாலம்' ஜல்லி அடிக்கறவங்க யாராவது எதிர்ப்பட்டா இதை எடுத்து நீட்டுங்க.

இதெல்லாம் பழைய கதை, இப்ப எல்லாம் சுத்தமாயிடுச்சு என்று யாராவது வருவீங்க. ஹனி கதை கேட்டீங்களா? கடைப் பக்கத்தில் கூப்பன் தேடித் தரும் உலாவி நீட்சி. பேபால் அதை 2020 ஜனவரியில் ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு வாங்கியது. 2024 டிசம்பரில் மெகாலேக் என்ற யூட்யூபர் ஒரு காணொளி போட்டார். நீங்க ஒரு விமர்சகரின் சுட்டி வழியா கடைக்கு வர்றீங்க. காசு கட்டும் பக்கத்தில் ஹனி தலைநீட்டி, கூப்பன் பார்க்கட்டுமா என்கிறது. நீங்க பொத்தானைத் தட்டியதும் விமர்சகரின் சீட்டைக் கிழித்துத் தன் சீட்டை ஒட்டிக்கொள்கிறது. கூப்பன் கிடைக்காவிட்டாலும்கூட! குற்றச்சாட்டு இதுதான். காணொளிக்காரர்கள் கூட்டமாக வழக்குக்குப் போனார்கள். பேபால் சொன்ன பதில், நாங்கள் தொழில் வழக்கப்படி 'கடைசிச் சொடுக்குக்குக் கமிஷன்' என்ற முறையைத்தான் பின்பற்றுகிறோம் என்பது. வழக்கு எப்படிப் போகும் என்பது ஒருபக்கம் இருக்கட்டும். அந்தப் பதிலை இன்னொரு தடவை படிங்க. தொழில் வழக்கமாம்! நான் சொல்ல வந்ததை அவங்களே சொல்லிட்டாங்க. கூகுள் 2025 மார்ச்சில் குரோம் நீட்சிகளுக்கான விதியை மாற்றி, பயனருக்கு நிஜமான பலன் எதுவும் தராமல் அஃபிலியேட் சுட்டியைச் செருகக் கூடாது என்று சொல்ல வேண்டி வந்தது. அதுவும் யாரோ ஒருத்தர் வீட்டில் உட்கார்ந்து படம் பிடித்துப் போட்டபிறகு. இத்தனை நெட்வொர்க், இத்தனை தணிக்கைக் குழு, எல்லாரும் என்ன ஆணி புடுங்கிட்டு இருந்தாங்க?

இனி பேமென்ட் பார்ட்டிகள். இங்கதான் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்.

2011ல் கலிபோர்னியாவின் சான் டியகோ, பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். எரிதம் மூலம் வரும் வயாகரா, போலி வாட்ச், திருட்டு மென்பொருள் விளம்பரங்களைத் தொடர்ந்து போய், நிஜமாகவே காசு கொடுத்துப் பொருள் வாங்கிப் பார்த்தார்கள். மின்னஞ்சல் அனுப்பும் கணினிகள் லட்சக்கணக்கில். இணையப் பெயர்கள் ஆயிரக்கணக்கில். ஆனா காசு எங்கே போய்ச் சேருதுன்னு பார்த்தா, அவர்கள் பார்த்த எரிதச் சரக்கில் 95 சதவீதத்துக்கு மூணே மூணு வங்கி! உலகமே எரிதத்தை வடிகட்ட மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தப்போ, குழாயைத் திருகி மூடக்கூடிய இடம் மூணு கவுண்டர்தான். மூடுறதில்தான் யாருக்கும் அவசரமில்லை. ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் சதவீதம் விழுதே.

அந்தக் காலத்து ரஷ்யாவில் குரோனோபே என்ற கட்டண நிறுவனம். அதன் தலைவர் பாவெல் வ்ருப்லெவ்ஸ்கி. ஒருபக்கம் மரியாதையான கம்பெனிகளுக்கு அட்டைப் பணம் வசூலித்துக் கொடுப்பார். இன்னொரு பக்கம் டாக்டர் சீட்டில்லாத மருந்து விற்கும் ஆர்எக்ஸ்-புரமோஷன் என்ற அஃபிலியேட் திட்டத்தின் சொந்தக்காரர்களில் ஒருவர் என்று பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் கசிந்த ஆவணங்களை வைத்து வரிசையாக எழுதினார். அஃபிலியேட்டும் நானே, கல்லாவும் நானே. 2010ல் ஏரோஃப்ளோட் விமானச் சீட்டுக்குப் பணம் வசூலித்த போட்டி நிறுவனத்தின் சர்வரைத் தாக்கி முடக்க ஆள் வைத்ததற்காக 2013ல் அவருக்கு இரண்டரை வருடம் சிறை. கடைவீதியில் போட்டிக் கடை ஷட்டருக்குப் பூட்டுப் போடும் ரவுடித்தனம், கொஞ்சம் ஹைடெக்காக.

அதே 2010 செப்டம்பரில் ஈபாஸ்போர்ட்டே என்ற மின்பணப்பை நிறுவனத்தின் அட்டைகளை விசா நிறுத்தியது. அஃபிலியேட்டுகளும் தளம் நடத்துபவர்களும் சம்பளம் வாங்கி வைத்திருந்தது அதில்தான். அடுத்த மாதமே கடை மூடல். காசு வரும் வரும் என்று காத்திருந்த பலருக்கு அது கைக்கு வரவே இல்லை. நிறுவனத் தலைவர் கிறிஸ் மாலிக், தன் இணையக் கட்டண வாழ்க்கையை அடிப்படையாக வைத்து 'மிடில் மென்' என்று ஒரு ஹாலிவுட் படம் தயாரித்து அதே ஆகஸ்டில்தான் வெளியிட்டிருந்தார். தலைப்புக்காவது நேர்மை இருந்தது.

எல்லாத்துக்கும் தாத்தா வயர்கார்டு. சூதாட்டத் தளங்களுக்கும் ஆபாசத் தளங்களுக்கும் காசு வசூலித்து வளர்ந்த ஜெர்மன் கம்பெனி. 2018ல் அந்நாட்டின் முதல் 30 நிறுவனப் பட்டியலான டாக்ஸில் நுழைந்தது. 2020 ஜூனில் 190 கோடி யூரோவைக் காணோம் என்றார்கள். பிலிப்பைன்ஸ் வங்கிகளில் இருக்கு என்று சொல்லப்பட்ட பணம். வங்கிகளைக் கேட்டால் அப்படி ஒரு கணக்கே எங்களிடம் இல்லை என்றன. வடிவேலு கிணத்தைக் காணோம்னு கம்ப்ளெயின்ட் கொடுத்தாரே, அதே சமாச்சாரம்தான். வருஷக்கணக்கா கையெழுத்துப் போட்ட ஆடிட்டர் உலகப்புகழ் பெற்றவர். இதில் வேடிக்கை என்னன்னா, கணக்கு சரியில்லை என்று ஃபைனான்சியல் டைம்ஸ் எழுதியபோது ஜெர்மன் கண்காணிப்பு அமைப்பான பாஃபின் என்ன செய்தது? 2019ல் எழுதின நிருபர்கள் மேல் புகார் கொடுத்தது! கம்பெனியின் இரண்டாம் புள்ளி யான் மார்சலெக் தப்பி ஓடிவிட்டார். தலைவர் மார்கஸ் பிரவுன் மீதான விசாரணை 2022 டிசம்பரில்தான் ம்யூனிக்கில் தொடங்கியது.

நம்மூருக்கு என்ன சம்பந்தம்னா, 2015ல் வயர்கார்டு 30 கோடி யூரோவுக்கு மேல் விலை பேசி வாங்கிய இந்திய நிறுவனக் கூட்டத்தில் முக்கியமானது சென்னையில் இருந்த ஹெர்மிஸ் ஐ-டிக்கெட்ஸ். மொரீஷியஸில் பதிவான ஒரு நிதியம் கொஞ்ச நாள் முன்னாடிதான் அதை அந்த விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கு வாங்கியிருந்தது. சில வாரத்தில் பத்து மடங்கு! ஓ.எம்.ஆர் மனைக்குக்கூட இந்த ஏற்றம் கிடையாதுங்க. அந்த நிதியத்துக்குப் பின்னால் இருந்தது யார் என்ற கேள்வி பல வருஷமா எழுதப்பட்டு வந்தது. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

இப்போ இதுக்கு மறுபக்கம் பாருங்க. கரூரில் எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி, திரைச்சீலையும் மெத்தை விரிப்பும் இணையத்தில் விற்கிறான். ஒரு தீபாவளி சமயத்தில் ஆர்டர் மும்மடங்காச்சு. அவனோட கேட்வே (பேர் வேணாம்) "வழக்கத்துக்கு மாறான வியாபாரம்" என்று சொல்லி ரெண்டேகால் லட்சத்தை நிறுத்தி வைத்தது. ஜி.எஸ்.டி ரசீது கேட்டாங்க, கொடுத்தான். கூரியர் ரசீது கேட்டாங்க, கொடுத்தான். கடை போட்டோ கேட்டாங்க. அதையும் கொடுத்தான். ஐம்பத்திமூணு நாள். தறிக்காரருக்குக் கூலி கொடுக்க வீட்டம்மா வளையல் அடகுக்குப் போச்சு. "என்னங்ணா, திருடன் எடுத்திருந்தாக்கூட ஸ்டேசன்ல போய்ச் சொல்லலாம். இவன் கணக்கு காட்டியே வெச்சிருக்கானே, நான் எங்கெங்ணா போறது?"ன்னு கேட்டான். என்கிட்ட பதில் இல்லை.

கேட்வேக்காரர்கள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிடறேன். அட்டையில் பணம் கட்டியவர் பல மாதம் கழித்துக்கூட, பொருள் வரலைன்னு வங்கியில் சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்குள் வியாபாரி கடையைச் சுருட்டிக்கொண்டு போயிருந்தால் பணம் கேட்வேயின் தலையில் விடியும். அதனால் ஒரு பங்கைப் பிடித்து வைக்கிறார்கள். பேபால் போன்றவர்கள் 180 நாள் வரை நிறுத்தி வைப்போம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சரி, ஒத்துக்கறேன். ஆனா இவ்வளவு சந்தேகப்படத் தெரிந்த ஆளுங்களுக்கு, கந்துவட்டி லோன் ஆப் கும்பல் கணக்குத் திறக்க வந்தப்போ மட்டும் எப்படிக் கண் மூடிக்கிச்சு? 2022 செப்டம்பரில் அமலாக்கத்துறை, சீனர்கள் கட்டுப்பாட்டில் இருந்த லோன் ஆப் விவகாரத்தில் பெங்களூரில் பேர்போன கட்டண நிறுவனங்களின் அலுவலகங்களுக்கே போய்ச் சோதனை நடத்தியது. அவர்களிடமிருந்த வியாபாரிக் கணக்குகளிலும் வங்கிக் கணக்குகளிலும் 17 கோடி ரூபாய் முடக்கப்பட்டது. ஆபாசப் படமாக ஒட்டித் திருத்தி சொந்தக்காரர்களுக்கு அனுப்புவேன் என்று மிரட்டிய ஆப்புகள் இருந்ததே, அந்த மாதிரிக் கும்பல்களின் காசும் இதே குழாயில்தான் ஓடியது. விரிப்பு விற்கிறவனிடம் கடை போட்டோ கேட்கத் தெரிஞ்சுது!

ரிசர்வ் வங்கி சும்மா இருக்கலை. 2020 மார்ச்சில் கட்டணத் திரட்டிகளுக்கு விதி கொண்டுவந்தது. வியாபாரியின் பணம் தனி எஸ்க்ரோ கணக்கில் இருக்கணும், கம்பெனிக்கு முதலில் 15 கோடி, பிறகு 25 கோடி ரூபாய் சொந்த மதிப்பு இருக்கணும், எத்தனை நாளில் பட்டுவாடா என்பதற்குக் கெடு. நல்ல விதிதான், ஈபாஸ்போர்ட்டே மாதிரி ராத்திரியோட ராத்திரியா மொத்தமாய்க் காணாமல் போறதுக்கு இது கடிவாளம். ஆனா 'சந்தேகம்' என்ற ஒரு வார்த்தையைச் சொல்லி நிறுத்தி வைக்கும்போது, என்ன சந்தேகம், எத்தனை நாள், யாரிடம் முறையிட என்று எழுத்தில் கொடுக்கும் வழக்கம் இன்னும் நடைமுறையில் வரலையே. கரூர்த் தம்பிக்கு வந்த பதிலெல்லாம் ஒரே அச்சில் வார்த்த மின்னஞ்சல்.

என் கோரிக்கை ரெண்டுதான். திருட்டு என்று நிரூபணமான கமிஷனை வியாபாரிக்குத் திருப்பும்போது, நெட்வொர்க் தான் வாங்கிய பங்கையும் சேர்த்துத் திருப்பணும். தன் பாக்கெட்டிலிருந்து போனாத்தான் காவல்காரனுக்குத் தூக்கம் கலையும். அதே மாதிரி, காரணம் எழுதித் தராமல் பிடித்து வைக்கும் பணத்துக்கு கேட்வே நாள் கணக்கில் வட்டி கொடுக்கணும். "அப்படியெல்லாம் போட்டா சின்ன நெட்வொர்க் செத்துடும்" என்பார்கள். திருட்டுப் பங்கு இல்லாமல் உயிர் வாழ முடியாத நெட்வொர்க் செத்தா எனக்கொண்ணும் வருத்தமில்லை.

அதுவரைக்கும் சின்ன வியாபாரிங்க தங்களைத் தாங்களே பார்த்துக்க வேண்டியதுதான். பொருள் திருப்பும் கெடு முடியும் முன் கமிஷன் கொடுக்காதீங்க. ஒரு அஃபிலியேட் அனுப்பியதா சொல்லும் ஆட்கள் உங்க கடைப் பெயரையே கூகுளில் தேடி வந்தவங்களான்னு பாருங்க. சொடுக்குக்கும் வாங்குறதுக்கும் நடுவில் எத்தனை நொடின்னு கேளுங்க. பணம் கட்டும் பக்கத்தில் மூணு நொடி முன்னாடி வந்த சொடுக்குன்னா அது டாக்சி இல்லை, பசை டப்பா. முக்கியமா, ஒரு மாசம் நிறுத்திப் பாருங்க. உபரில் விளம்பரப் பொறுப்பில் இருந்த கெவின் ஃப்ரிஷ், 15 கோடி டாலர் விளம்பரச் செலவில் 10 கோடியை நிறுத்தியும் ஆப் இறக்குவோர் எண்ணிக்கையில் மாற்றமே இல்லை என்று பின்னாளில் சொன்னார். அந்த 10 கோடியும் முதுகில் ஒட்டின சீட்டு! கேட்வே ரெண்டு வெச்சுக்குங்க. பணப்பையில் காசைச் சேர்த்து வைக்காதீங்க, அன்னன்னிக்கு வங்கிக்கு இழுங்க. பண்டிகைக்கு முன்னாடியே, வியாபாரம் இவ்வளவு ஏறும்னு மின்னஞ்சல் போட்டு வைங்க. நாளைக்கு நிறுத்தினா காட்ட ஒரு காகிதம் இருக்கும்.

பி.கு: ஈபே 2008ல் கமிஷன் ஜங்ஷனை விட்டு வெளியே வந்து அஃபிலியேட் திட்டத்தைத் தானே நடத்த ஆரம்பித்தது. அடுத்த வருஷம், விற்ற தொகையை மட்டும் பார்க்காமல், வந்த ஆளின் தரத்தைப் பார்த்துச் சொடுக்குக்கு விலை போடும் முறைக்கும் மாறியது. கரூர்த் தம்பி இப்போ பாதி ஆர்டரை நேரடியா வங்கிக் கணக்குக்கு யூபிஐ போடச் சொல்லி வாங்குகிறான்.